காற்றைக் கேட்டு வந்தவர்

அந்த விமானி குள்ளமானவர். வெயிலில் கறுத்த முகம், காது வரை நரைத்த தலை. அறுபதுகளில் ஒரு மாசி மாதம், யாழ்ப்பாணத்தில் ஒரு விமானத் தளத்தில் நான் வானிலை பார்க்கும் வேலையில் இருந்தபோது, சின்ன விமானமொன்றில் தனியாக வந்திறங்கினார். அந்தமான் வரை கடலைத் தாண்டவேண்டும் என்றார். எந்த எண்ணைச் சொன்னாலும் பென்சிலால் எழுதி, உரக்கத் திருப்பி வாசிப்பது அவர் வழக்கம்.

புறப்படும் காலையில், உயரத்தில் வீசும் காற்றின் திசையும் வேகமும் என்னவென்று கேட்டார். பலூன் விட்டு அளந்துதான் அதைச் சொல்லவேண்டும். நான் வேலைக்குப் பிந்தி வந்ததால் பலூன் விடவில்லை. முதல்நாள் எண்களையே சொன்னேன். எழுதி வாசித்தார்.

“இண்டைக்கு அளந்ததோ, தம்பி?”

“ஓம் ஐயா.”

அதை நம்பியே எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனார். பிறகு பலூனை விட்டேன். காற்று அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அவருடைய வானொலிக்கு எங்கள் குரல் எட்டவில்லை. மத்தியானம் வரை வெளியிலேயே நின்றேன்.

கடைசியில் கிழக்கே இரைச்சல் கேட்டது. அலைகளின் நுரையைப் பார்த்து எதிர்க்காற்றென்று கண்டு, பாதியில் திரும்பியிருந்தார்.

“காத்து மாறிப்போச்சு, தம்பி. உம்மிலை பிழையில்லை,” என்றார்.

“இல்லை ஐயா, நான்...”

அவர் தேத்தண்ணி கேட்டார். ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை மறுபடி புறப்பட்டார்; பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவர் மறுபடி புறப்பட்ட அந்த விடியற்காலையில் நான் வேலைக்குப் போனபோது, பலூன் விடும் திடலில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார்.