‘ஆபோ’ என்று கூப்பிட வேண்டிய இடம்

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுத்து ஜெரம் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தபோது தார் சுட்டது. ஓரிடத்தில் மட்டும் கால் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தங்கமணி அக்கா தண்ணீர் ஊற்றிய வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்காவுக்குச் சீன முகம். பிறந்த கையோடு ஒரு சீன மீனவக் குடும்பம் எஸ்டேட்டில் வேலை செய்த காளியம்மா என்பவரிடம் கொடுத்துவிட்டதாம். எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்தவர், தமிழ்தான் தெரியும். பெற்றவள் யாரென்று தெரியாது. சுங்கை செம்பிலாங் மீனவக் கிராமத்தில் இறால் உரிக்கும் வேலை.

அங்குள்ள சீனக் கோயிலில், நாங்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஒரு கூத்தை மறுபடி போட நினைத்தார்கள். கொடுத்துவிட்ட மகள் தாயைத் தேடி வரும் கதை. மகள் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அக்கா தானாகவே போய்க் கேட்டார்.

கூத்து நடத்தும் சீன முதலாளி லிம் தவுக்கே, முன்பு எங்கள் எஸ்டேட்டில் கருவாடு விற்றவர். தமிழிலேயே சிரித்தார். “மூஞ்சி சீனம், வாய் முழுக்கத் தமிழ் லா!”

“கருவாடு விக்க நீங்க தமிழ் பழகலையா தவுக்கே? என் வாயும் பழகிக்கும்.”

இறால் உரித்துக்கொண்டே பாடிப் பழகினார். கடைசியில் தாயைப் பார்த்து ‘ஆபோ’ என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பாஷையில் அம்மா.

“பெத்தவ எங்க இருக்காளோ, உஷா. அவ பாஷைல ஒரு வாட்டி கூப்பிட்டுடணும்” என்றார் என்னிடம்.

மேடை சாமியைப் பார்த்தபடி இருந்தது. கூத்து சாமிக்குத்தானே. தலையில் மின்னும் கிரீடத்தோடு அக்கா பாடியபோது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்து, கை தானாகக் குவிந்தது. கூத்தில் தாய் திரும்பினாள். அக்கா ஓடிப்போய்க் காலில் விழுந்து கூப்பிட்டார்.

“அம்மா!”

மேளம் நின்றுவிட்டது. முன்வரிசைச் சீனக் கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். இந்த ஊரில் அந்தச் சொல் தெரியாதவர் யார்? ஆனால் தவுக்கே முகம் வெளுத்துவிட்டது. சாமிக்கு வைத்த கூத்தில் பிழை. கூத்து முடிந்ததும், இதை ஏற்றுக்கொண்டாயா என்று சாமியிடம் சம்மதம் கேட்கும் இரண்டு பிறைக் கட்டைகளை எடுத்தார். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம். அக்கா வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பக்கத்தில் வந்து நின்றார். நான் முருகனையும் கூப்பிட்டேன், அந்தச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஒன்று நிமிர்ந்தது. மற்றது கவிழ்ந்தது. நம்பாமல் தவுக்கே மறுபடி போட்டார். அதேதான். அவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

பிறகு அக்கா பத்தாங் காலி டவுனில் இருந்த தன் மகளோடு இருக்கப் போனார். பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்: “அடுத்த தடவ சரியா ‘ஆபோ’ன்னு கூப்பிடுவீங்களாக்கா?”

“ஏன்டி, சாமியே சரின்னுட்டாரு. நான் எதுக்கு மாத்தணும்?”