பின்னால் வைத்த கால்

ஷீபாவை யாராவது "கை காலைப் பிடித்துவிடுகிற பொண்ணுதானே" என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும். என்ன தெரியும் அவர்களுக்கு?

பழையசீவரத்துப் பெண். பிசியோதெரபி படித்துவிட்டு, உத்திரமேரூர் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஸ்கூட்டியில் வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கிறாள். என் அம்மா ஆதிலட்சுமிக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபோது திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தாள்.

வந்தவள் காலைத் தொடவே இல்லை. அம்மா கட்டிலில் எழுந்து உட்காரப் படும் பாட்டை நின்று பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள். காலுக்கு வந்தவளுக்கு நாக்கு எதற்காம் என்று எனக்கு எரிச்சல்.

"தண்ணியே குடிக்கறதில்லையாம்மா? இப்படி காஞ்சி கீதே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "குடிச்சா போவணுமே கண்ணு. பெத்த புள்ள தூக்கினு போயி உக்கார வெக்கிறான். மானமே போவுது."

 வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் தூக்காமல் வேறு யார் தூக்குவது?

"செரி, தனியா பாத்ரூம் போவணும். அதானே? அத பாத்துடலாம்" என்றாள் ஷீபா.

அப்புறம்தான் காலைத் தொட்டாள். தன் உள்ளங்கையை அம்மாவின் பாதத்தில் வைத்துத் தள்ளச் சொன்னாள், முட்டியை மடக்கி நீட்டச் சொன்னாள். "பலம் கொஞ்சம் கீது. பயந்தான் ஜாஸ்தி." இடுப்பில் துணியைச் சுற்றிப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். முன்னால் எடுத்து வைக்கச் சொன்னால், பசை போட்ட மாதிரி கால் நகரவில்லை.

"இன்னா வேலை செஞ்சிகினு இருந்தீங்க?"

"நடவுதான். வேற இன்னா?"

ஷீபாவின் முகம் மலர்ந்தது. "அப்ப பின்னால வைங்க. கையில நாத்து கீதுன்னு நெனச்சிக்குங்க."

அம்மா லேசாகக் குனிந்தாள். நாற்று நட்டபடியே பின்வாங்கி வாழ்ந்த கால் அது. மெல்ல எழும்பிப் பின்னால் போய் ஊன்றியது. அம்மாடி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணா, இனிமே தூக்காதீங்க. பக்கத்துல மட்டும் நில்லுங்க."

வாரந்தோறும் வந்தாள். சுவரோரம் பின்னால் நடக்க நடக்க இடுப்பில் பிடிமானம் வந்தது, பிறகு முன்னாலும் கால் எழும்பியது. குதிகால் தரையில் படாவிட்டால் விடமாட்டாள், திரும்ப நடக்க வைப்பாள்.

ஒருநாள் கடைக்குப் போய் வந்தால் கட்டில் காலி. பதறி ஓடினேன். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "அம்மா! அம்மா!" என்று தட்டினேன்.

"இன்னாடா பேஜாரு? ஒரு பொம்பள நிம்மதியா உக்கார வாணாமா? போடா அந்தாண்ட!"

அந்தாண்ட போய் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.