மலையூரில் பங்கு பிரித்த வீடு

சாலையோரம் தூவியிருந்த உப்பும் மணலும் என் கேன்வாஸ் ஷூவுக்கடியில் நறநறவென்று அரைபட்டன. வறுத்த பாதாமும் பட்டைத்தூளும் கலந்த வாசனை முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து யாரோ மலைமேல் நின்று தொண்டையைத் திறந்து கூவுவது போன்ற ஒரு பாட்டு மட்டும் விடாமல் துரத்தியது. அந்த ஊரில் நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து அதே பாட்டுதான். நான் நடந்துகொண்டிருந்தது சியரா மலையில், டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் சாலையில். போட்டிருந்த ஜாக்கெட் நாங்கள் குடியிருந்த லிவர்மோரின் குளிருக்கு வாங்கியது. மலைக்குளிர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. திரும்பிப் போய் வேனில் ஏறுவதில்லை என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் கிடையாது.

அதற்கு முந்தைய மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு புதுச் சுறுசுறுப்பு இருந்தது. அம்மா ஃபோனில் தாழ்ந்த குரலில் சாமான்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "கிரைண்டர் சுகன்யாவுக்கு", "சோஃபாவ அவங்க வண்டியிலயே வந்து எடுத்துக்கட்டும்", "கட்டில் பத்தி அப்புறம் சொல்றனுங்" என்ற துண்டுகள் என் அறைக் கதவு வரை வந்து விழும். அப்பா வழக்கம்போல் காலையில் லேப்டாப் பையும் டிபன் டப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினார், வழக்கம்போல் மாலையில் வந்தார். பழைய சாமான்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? நாங்கள் இருந்த இரண்டு அறை அபார்ட்மெண்டை விட்டு, எங்கள் ஜனங்கள் ஒவ்வொருவராகச் செய்வதுபோல, மலை தாண்டிக் கிழக்கே எங்காவது சொந்த வீடு வாங்கப் போகிறோம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது, ஹைஸ்கூல் முடிக்கிற நேரத்தில் ஒரு சந்தோஷம் தரத்தான் என்றும் நினைத்தேன்.

அந்த நினைப்பு ஊறிக்கொண்டிருந்தபோதுதான் ராஜாமணி அங்கிள் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். அவர் அப்பாவுடன் ஒரே வருடம் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். வேறு கம்பெனி, வேறு அதிர்ஷ்டம், கிரீன் கார்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. "பஸ்ல கும்பலோட கும்பலா போறதில்லடா கண்ணு, பிரைவேட் டூர். நம்ம வேன், நம்ம டிரைவர், நெனச்ச எடத்துல நிறுத்தலாம். ஸ்விட்சர்லாந்து போனவனெல்லாம் இதப் பாத்துட்டு வாயப் பொளக்கறான்" என்றார். ஒரே நாளில் மூன்று மலையூர்கள், மரவீடுகள், பனி, ஏரி, திரும்பி வரும்போது கோயிலில் ஒரு கும்பிடு. இரண்டே குடும்பம். நாங்கள் மூன்று பேர். அங்கிள், கீதா ஆன்ட்டி, அவர்களுடைய பத்து வயது மகள் நிலா.

விடியற்காலையில் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஏறியதுமே ஆன்ட்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்; பொடியும் நல்லெண்ணெயும் வேன் முழுக்க மணத்தன. முன் சீட்டிலிருந்த டிரைவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ சுற்றி வீடுகளைப் பற்றி வந்தபோது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "புது வீட்டுல மாடி ரூம் எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

ராஜாமணி அங்கிள் பெரிதாகச் சிரித்து, "மாடி என்னடா, மொட்டைமாடியே உனக்குத்தான்" என்றார். ஆன்ட்டி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் இன்னொரு இட்லியை என் தட்டில் வைத்தார். அவர்கள் சிரித்தது எதற்காக என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது.

முதல் ஊரில் படம் எடுத்தோம். சன்னல் கதவுகளில் பூ வரைந்த வீடுகள், சரிந்த கூரைகள், கழுத்தில் மணி கட்டிய ஒரு பிளாஸ்டிக் பசு. அங்கிள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு வீடியோ எடுத்தார்: "பாத்தீங்ளா, அச்சு அசலா ஸ்விட்சர்லாந்துங். பாஸ்போர்ட்டே வேண்டியதில்ல!" அதற்கும் அப்பா சிரித்தார். அன்று அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

இரண்டாவது ஊரில் சாப்பாடு. மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு மரமேசையில் அம்மா தயிர்சாதத்தைப் பேப்பர் தட்டுகளில் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்பாவும் அங்கிளும் கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீதா ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்:

"ஏங்கண்ணு, உன்ற டெஸ்க்குல அடி டிராயர் நல்லாத் தொறக்குதா? நிலாவோட கிராஃப்ட் சாமானெல்லாம் அதுல வெக்கலாம்னு பாத்தேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"நீங்க போறப்ப அது எங்களுக்குன்னு உங்கம்மா சொல்லுச்சு."

"புது வீட்டுக்கும் அதைத்தானே எடுத்துட்டுப் போவோம்?"

ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா தயிர்சாதத்தைப் பார்த்தார். நிலா கையிலிருந்த சிப்ஸை மென்றுகொண்டே, "யூ கைஸ் ஆர் கோயிங் பேக் டு இந்தியா இன் மே, ரைட்? இது உங்க செண்ட்-ஆஃப்" என்றாள். அன்று முழுக்க அவள் பேசிய ஆங்கிலத்துக்கு நடுவில் அவள் சொன்ன தமிழ் அந்த ஒரு வரிதான்.

எங்கள் ஜனங்களிடம் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு "லே-ஆஃப்" வந்து, இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காமல் போய், விசாவும் முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தால், மற்றவர்கள் சேர்ந்து ஒரு விருந்தோ ஒரு சுற்றுலாவோ வைப்பார்கள். அதற்கு முன்பே வீட்டுச் சாமான்கள் பேசி முடிக்கப்பட்டிருக்கும். கிரைண்டர் ஒருவருக்கு, மெத்தை ஒருவருக்கு, கறிவேப்பிலைத் தொட்டி ஒருவருக்கு. உதவி என்றுதான் அதற்குப் பெயர், உதவியும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை போனது என்று வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். "ஊருக்கு மூவ் பண்றாங்க", "பேரன்ட்ஸுக்கு வயசாச்சு" என்பார்கள். அப்பாவுக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் லைப்ரரி பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாராம். கீதா ஆன்ட்டிக்குத் தெரியும், சுகன்யா ஆன்ட்டிக்குத் தெரியும், பத்து வயது நிலாவுக்குத் தெரியும். ஒன்பது வயதில் என்னைக் கூட்டிவந்து, இங்கேயே படி, இங்கேயே காலூன்று என்று தினமும் ஓதி வளர்த்தவர்கள், நான் பள்ளியை முடிக்கச் சில வாரங்களே இருக்கும்போது என்னைப் பெயர்த்தெடுக்க நாள் குறித்துவிட்டு, என்னுடைய மேசையையும் பேசி முடித்துவிட்டு, எனக்குச் சொல்லவில்லை.

நான் எழுந்து அப்பாவிடம் போனேன்.

"மே மாசம் போறோமா?"

அவர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் ஃபோனைத் தாழ்த்தினார், ஆனால் அணைக்கவில்லை.

"எக்ஸாம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார் அப்பா.

"எந்த எக்ஸாம்? அதுக்கு முன்னாடியே கிளம்பறோமில்ல? ஹைஸ்கூல் டிப்ளமா என்ன ஆகும்?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம். ஏதாவது ஈக்விவேலன்ட் இருக்கும்."

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும்தான் சொல்லலை. வேன்ல நான் மாடி ரூம்னு கேட்டப்ப சிரிச்சீங்க."

"இங்க சத்தம் போடாத" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்க நமக்காக எவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஃபோட்டோல மூஞ்சி நல்லா இருக்கட்டும். வா, வந்து நில்லு."

ராஜாமணி அங்கிள் சமாதானமாக, "விடுங்க, வயசுப் பையன். டேய் கண்ணு, இந்தியா இப்ப எங்கியோ போயிருச்சுடா, பெங்களூர்ல நம்ம பசங்க அள்றானுக" என்று தோளில் கை போட்டார். அந்தக் கையில் கிரீன் கார்டின் எடை இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. தட்டிவிட்டேன். அம்மா தட்டோடு ஓடி வந்து, "மொதல்ல சாப்புடு சாமி, சாப்புட்டுட்டுக் கோவிச்சுக்க" என்றார். "உனக்கும் தெரியுமில்லம்மா?" என்றேன். அவர் தட்டை நீட்டிக்கொண்டே நின்றார்.

அங்கிருந்துதான் நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். என் ஸ்கூல் நண்பன் பனிச்சறுக்குக்கு வந்திருக்கிறான், அவன் காரில் வந்துவிடுகிறேன் என்றேன். வார இறுதியில் லிவர்மோர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த மலையில்தான் கிடப்பார்கள், அதனால் நம்பினார். ஃபோனில் அவருக்குப் பின்னால் அங்கிளின் குரல் கேட்டது: "சரி, வரட்டும் விடுங்க, வண்டிய ஆறு மணிக்குள்ள திருப்பி விடோணும், இன்னும் ஒரு ஊர் பாக்கி இருக்குது." அவர்கள் அந்த மூன்றாவது ஊரையும் பார்த்தார்கள். படம் எனக்கும் வந்தது. ஏரிக்கு முன்னால் ஐந்து பேர், நால்வர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா இரண்டு முறை என்னைத் தேடி மலைக்கு வந்தார். இரண்டாம் முறை கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு சட்டையைக் கழற்றித் தருவதுபோல அவர் போட்டிருந்த தடிமனான கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மே மாதம் அவர்கள் விமானம் ஏறினார்கள். நான் மோட்டல்களிலும் கிடங்குகளிலும் உணவகங்களின் பின்கட்டுகளிலும் வேலை பார்த்தேன். நியூஜெர்சியில் ஒரு குளிர்காலம் பாத்திரம் கழுவினேன், இப்போது டெக்சாஸில் தரைவிரிப்பு போடுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஈரோட்டு வீட்டுக் கூடமும் அம்மாவின் நெற்றியும் தெரியும். ஃபோனை அவர் எப்போதும் மேலாகத்தான் பிடிப்பார். அப்பாவின் விசாவோடு என் விசாவும் முடிந்துவிட்டதால் நான் போய்ப் பார்க்க முடியாது. போனால் திரும்பி வர முடியாது.

போன வருடம் இங்கே ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு விரிப்பு போடப் போனேன். கதவைத் திறந்தவர் ராஜாமணி அங்கிள். இங்கே குடிவந்துவிட்டார்களாம். கட்டிப்பிடித்தார், காபி கொடுத்தார், கண்கூடக் கலங்கினார். பிறகு மெதுவாக, "இப்ப உன்ற விசா ஸ்டேட்டஸ் என்னடா கண்ணு?" என்று கேட்டார். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கும் ஒருவனிடம் கேட்க எங்கள் ஆட்களிடம் இருக்கும் கேள்வி அதுதான். நான் டெஸ்க் எங்கே என்று கேட்டேன். "அதா? மூவ் பண்றப்ப எடம் பத்தல, ரோட்டோரமா வெச்சுட்டு வந்துட்டோம்" என்றார். லிவர்மோரில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டை இடித்துவிட்டார்களாம். சுகன்யா குடும்பத்துக்கும் அடுத்த வருடம் "லே-ஆஃப்" வந்து, கிரைண்டர் இன்னொரு கைக்குப் போயிற்றாம். அன்று மலைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட இன்று லிவர்மோரில் இல்லை. மாடியறைக்கு நல்லபடியாக விரிப்பு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோபம் அப்பாவுக்கு வேலை கொடுத்து எடுத்த கம்பெனி மேல் இல்லையா, இரண்டு மாதம் என்று எழுதி வைத்த சட்டத்தின் மேல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றின் மேலும்தான். ஆனால் கம்பெனி என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடவில்லை.

அவர்களை விட்டு நடந்த அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே கீழே இருந்த அடுத்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சன்னலில் பூ வரையவில்லை, பாட்டும் இல்லை. ஒரு மோட்டல், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பஸ் நிறுத்தம். மோட்டலை நடத்திய வெள்ளைக்காரக் கிழவி என் ஷூவைப் பார்த்தார், வேறொன்றும் கேட்காமல், துணி துவைக்கும் அறையில் சூடு இருக்கும் என்றார். காலையில் எழுந்தபோது முழங்கால் உயரத்துக்குப் புதுப் பனி. பனி அள்ள வரும் அவருடைய ஆள் வரவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்து, வாசலையும் பஸ் நிற்கும் இடத்தையும் முதலில் சுத்தம் செய், பிறகு அறைகள் என்றார்.

நண்பன் யாரும் வரவில்லை என்ற உண்மையை இரவே அம்மாவுக்கு மெசேஜில் சொல்லியிருந்தேன். திட்டு எதுவும் வரவில்லை. "பத்து மணிக்கு அங்கிருந்து பஸ் இருக்காம், அப்பா பாத்துட்டாரு. ஏறிடு சாமி" என்று மட்டும் வந்தது. நான் அள்ளிக்கொண்டிருந்தேன். ஈரப்பனி மண்ணைவிடக் கனமானது, முதுகால் தூக்கக் கூடாது, காலால் தூக்க வேண்டும் என்பதை அந்தக் காலையில்தான் கற்றுக்கொண்டேன்.

பஸ் வந்தது. நான் சுத்தம் செய்திருந்த இடத்தில் சரியாக நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, மண்வெட்டியையும் என்னையும் பார்த்து, ஏறுகிறாயா என்பதுபோலத் தலையை அசைத்தார். உள்ளேயிருந்து சூடான காற்று என் முகத்தில் அடித்தது. படிக்கட்டில் உறைந்து ஒட்டியிருந்த பனியை மண்வெட்டியின் முனையால் தட்டி உதிர்த்துவிட்டு, நகர்ந்து நின்றேன். கதவு மூடியது. அறைகளின் பக்கம் போய், முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தேன்.