இங்க கேஸ் யாரு?

கேஸ் என்றால் போலீஸ் கேஸ் ஒன்றுதான் என்று இந்த நரைத்த மீசையோடு நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் என் மனைவி காய்ச்சலுக்குப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா சர்க்கரை நோயாளி. இருவருக்கும் ஒரே பெயர். அந்த அம்மாவின் மாத்திரையை நர்ஸ் இவளுக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார். நான் வார்டு அதிரக் கத்தினேன். அது போதாதென்று, சுவரில் இருந்த புகார் எண்ணுக்கும் போன் போட்டு அங்கேயும் கத்தினேன்.

மறுநாள் காலையில் போன். "சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறோம். கேஸை நேர்ல விசாரிக்க வர்றோம். எங்கயும் போயிடாதீங்க."

என் வீரம் அங்கேயே இறங்கிவிட்டது. ஹார்பரில் லாரி ஓட்டும் தோஸ்திடம் ஓடினேன்.

"நர்ஸம்மாவாண்ட கத்துனியா மாமு? டூட்டில கீற கவர்மென்ட் ஆளாச்சே! நீ உள்ளதான். லுங்கி வாணாம், பேன்ட் போட்டுகினு போ."

புகார் கொடுத்தவன் நான், கேஸும் என் மேலா? ஒன்றும் விளங்கவில்லை. நான் உள்ளே போய்விட்டால், இவளுக்கு அடுத்து வரும் மாத்திரை யாருடையது என்று பார்க்க யார் இருக்கிறார்கள்? கையில் குத்திய ஊசியோடே இவளைக் கிளப்பிவிடுவது என்று பேன்ட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"யோவ், பாட்டில் இன்னும் பாதி கீது. உனுக்கு பேஜாரா இருந்தா நீ ஓடு" என்றாள்.

அதற்குள் துறையின் பெண் அதிகாரி வந்துவிட்டார். "இங்க கேஸ் யாரு?"

இரண்டு கையையும் தூக்கினேன். "நான்தாம்மா."

"பொம்பள பேஷண்ட்னு சொன்னாங்களே?"

"நான்தாம்மா கேஸு" என்றாள் என் மனைவி. "இது சும்மா கூட வந்துகீது."

ஆஸ்பத்திரி பாஷையில் நோயாளிதான் கேஸாம்.

அதிகாரி யாரையும் திட்டவில்லை என்பது எனக்கு அடுத்த குழப்பம். அழுதுகொண்டிருந்த நர்ஸை உட்காரவைத்து, என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். "இன்னாம்மா" என்று கை நீட்டியது இவளாம்.

என் மேல் கேஸ் இல்லை. நர்ஸ் மேலும் இல்லை. ஒரே பெயர்க்காரர்களின் கட்டில்களை வார்டின் இரண்டு மூலைக்கு மாற்றினார்கள். மாத்திரைக்கு முன் நோயாளியே தன் பெயரையும் புருஷன் பெயரையும் சொல்ல வேண்டும் என்றார்கள். என் பெயரைச் சொல்ல இவள் முதல்நாள் வெட்கப்பட்டாள், பிறகு கத்தியே சொன்னாள். வீடு திரும்பும்வரை இவளுக்கு இவளுடைய மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள்.