பெட்டி திறக்குமுன் போட்ட கையெழுத்து

நெய்வேலியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாதிரியைப் பார்க்காமல் கையெழுத்திட்டவர்களுக்கு எத்தனையோ மெமோ கொடுத்திருக்கிறேன். இருந்தும், சென்னை சர்வதேச கடல் உணவுக் கண்காட்சியில் ஸ்டால் போட்ட, இறால் பண்ணை வைத்திருக்கும் பழைய பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் சேகருக்கு, “இவை இவருடைய பண்ணை இறால்கள்” என்று மாதிரிப் பெட்டி வருமுன்பே சான்றில் கையெழுத்திட்டேன். இருபது வருட நண்பராயிற்றே!

பெட்டியைத் திறந்தால் வரி வரியாக, பெரிய டைகர் இறால். அவர் வளர்ப்பதோ வனாமி என்ற சின்ன, மலிவு ரகம்.

“யாரோடதுய்யா இது?”

“மார்க்கெட்ல வாங்கிகினு வந்தேன். நம்ம வனாமிய எவன் சார் திரும்பிப் பார்ப்பான்? யாராச்சும் கேட்டா உங்க கையெழுத்து இருக்குதுல்ல!”

ஸ்டாலுக்கு வந்த வெளிநாட்டு வியாபாரி சான்றை எடுப்பதற்குள் பிடுங்கிக் கிழித்தேன். நட்பும் அத்தோடு கிழிந்தது.

இப்போதெல்லாம் யார் காகிதம் நீட்டினாலும், முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறேன். நெருங்கிய நண்பர்கள்தான் அதிகம் கோபித்துக்கொள்கிறார்கள்.