குப்பைக்குள் வெடித்தது

பிள்ளைகளே, அன்று நான் மண்ணில் விழுந்து கிடந்ததைச் சொல்லி நீங்கள் இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கைக்குள் குப்பை வண்டி வருவதில்லை. எல்லா வீடுகளையும் போல நாமும் வீட்டு வளவைக் கூட்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில் குவித்துக் கொளுத்துவோம். சாம்பலை உங்கள் அம்மா கத்தரிப் பாத்திக்குப் போடுவா. முன்பு அது மாஞ்சருகும் தென்னோலையும் எரிந்த சாம்பல். அந்த ஞாயிறு குவித்ததில் சருகு மேலே மட்டும்தான். அடியில் சோறு கட்டிய பிளாஸ்டிக் லஞ்ச் சீற், ஷொப்பிங் பைகள், ரோச் லைற் பற்றறி, வயலுக்கு அடித்த மருந்தின் வெறும் போத்தல்.

தைப் பனிக்கு நீங்கள் இருவரும் நெருப்பருகே குளிர் காய்ந்து நின்றீர்கள். படீரென்று வெடித்தது.

நானும் அம்மாவும் குப்புறக் கிடந்தோம். யோசித்துப் படுக்கவில்லை, உடம்பு தானாகவே படுத்தது. நீங்கள் பிறக்க முதலே, சண்டைக் காலத்தில் குண்டுச் சத்தத்துக்குப் பழகிய பழக்கம். சண்டை முடிந்து கண்ணிவெடி அகற்றித் தந்த காணிதான். ஆனாலும் நெருப்பு வைக்கும் ஒவ்வொரு முறையும், அடியில் ஏதும் கிடக்குமோ என்று பயப்படுவேன்.

"படுங்கோ! ரெண்டு பேரும் படுங்கோ!" என்று கத்தினேன்.

நீங்கள் படுக்கவில்லை. கன்னத்தில் மண் ஒட்ட, உங்கள் கால்களை மட்டும் பார்த்துக் கிடந்தேன். அவை அசையாமல் நின்றன.

"அண்ணா, அப்பா மண்ணுக்குள்ள நீந்துறார்!" என்றாள் சின்னவள்.

"அம்மாவும் போட்டிக்கு இறங்கிட்டா" என்றான் மூத்தவன்.

"சிரிக்கிறியளோ? இஞ்சால வாங்கோ முதல்!" என்றா அம்மா, கிடந்தபடியே.

அவன் தடியால் நெருப்பைக் கிளறினான். "அப்பா, இது கனடாச் சித்தப்பா தந்த ஸ்பிரே ரின். அம்மாதான் எறிஞ்சவா."

"வெறும் ரின்தானே எண்டு நினைச்சன்" என்றா அம்மா.

அந்த வெறும் ரின்னின் கிழிந்த தகடு சின்னவளின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்து புகைந்தது. நான் எழும்பவில்லை.

கரும்புகை பனியோடு சேர்ந்து மேலெழாமல் வளவுக்குள்ளேயே நின்றது. பின்னேரம்வரை சின்னவள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். உருகிய பற்றறி சாம்பலில். சாம்பல் போவது கத்தரிக்கு. மழை பெய்தால் மிச்சம் கிணற்றுக்கு. அந்தத் தண்ணீரைத்தான் போத்தலில் நிரப்பிப் பள்ளிக்கூடம் கொண்டு போகிறீர்கள். குண்டென்றால் படுத்துத் தப்பலாம், அந்தப் பயம் எனக்குத் தெரியும். இதற்கு எங்கே படுப்பது?

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், அம்மா கடைக்குப் போனா. நான் ஆறிய சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தி, பற்றறிக் கோதுகளையும் உருகிய போத்தலையும் தகட்டையும் பொறுக்கி உரப்பைக்குள் போட்டேன். சாம்பலையும் வழித்து அள்ளி இன்னொரு பையில் வாய் கட்டினேன். கத்தரிக்குச் சாம்பல் அள்ளவென்று அம்மா எடுத்து வைத்திருந்த வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.