வால் வளைந்த கம்பி

செல்வமேரிக்குக் குனிந்தே செய்கிற வேலை. கீழ்க்கட்டளையில் இருந்த அந்த ஆர்கான் வெல்டிங் ஷெட்டில் தரையைக் கூட்டுவாள், மேசைக்கடியில் விழுந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்குவாள், ஒட்டவேண்டிய தகட்டின் விளிம்பைப் பிசுக்குப் போகத் துடைத்துக் கொடுப்பாள். வெல்டர் தனசிங் வலது கையில் டார்ச்சும் இடது கையில் ஒட்டுக்கு உருக்கி ஊட்டுகிற ஃபில்லர் கம்பியுமாக உட்கார்ந்திருப்பான். கம்பி ஒரு மீட்டர் நீளம். உருகுகிற முனை அவன் முகத்துக்கு முன்னால் இருக்கும். வால் முனை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்கிறவளின் கண் உயரத்தில் ஆடும். முகமூடி போட்டவனுக்கு அது தெரியாது.

ஒருநாள் அந்த வால் அவள் புருவத்தைக் கீறிவிட்டது. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். மறுநாளிலிருந்து அவன் எடுக்கிற ஒவ்வொரு கம்பியின் வாலும் கொக்கிபோல வளைந்திருந்தது. காலையில் வந்ததும் குறடால் வளைத்து அடுக்கிவிட்டுத்தான் டார்ச்சைத் தொடுவான். அது தனக்காகத்தான் என்பது அவளுக்கு உறைக்கவே பல நாள் ஆயிற்று.

கிரைண்டிங் போடுகிற துரை சும்மா விடுவானா?

"இன்னா நைனா, வெல்டிங் பண்றியா, ஏரில மீனு புடிக்கப் போறியா?"

"மாட்டினா உனக்கும் ஒண்ணு தரேன். கிரைண்டரை நிறுத்தாத."

தனசிங் பீர்க்கன்கரணைக்காரன். அப்பா புரொட்டஸ்டண்ட் கோவிலில் மணியடிக்கிறவர். தாம்பரத்தில் வேனுக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் கேஸ் வெல்டிங் பழகி, பிறகு ஆர்கானுக்கு வந்தான். கேஸ் வெல்டிங்கிலும் கம்பியை இடது கைதான் ஊட்டவேண்டும். அதனால் அவனுடைய இடது கை முன்னமே தேறின கை. கம்பியை இரண்டு விரலில் தாங்கி, கட்டை விரலால் இம்மி இம்மியாகத் தள்ளுவான். கை இருந்த இடத்தில் இருக்கும், கம்பி மட்டும் நகரும். உருகி நிற்கிற குழம்பின் முன் ஓரத்தில் முனையைத் தொட்டு ஒரு சொட்டு வைப்பான், கொஞ்சமாகப் பின்வாங்குவான், மறுபடி தொடுவான். ரொம்பப் பின்வாங்கினால் முனை, டார்ச்சிலிருந்து வந்து ஒட்டை மூடிநிற்கிற ஆர்கான் கேஸை விட்டு வெளியே வந்து, காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு அடுத்த சொட்டோடு ஒட்டுக்குள் போய்விடும். டார்ச் நுனியில் இருக்கிற டங்ஸ்டன் ஊசியில் கம்பி பட்டுவிட்டாலோ ஊசியும் கெட்டது, ஒட்டும் கெட்டது.

அந்தக் கட்டை விரலைப் பார்த்துவிட்டு செல்வமேரி ஒருதரம் சொன்னாள். "ஜெபமாலை உருட்றா மாரியே கீது தம்பி."

"எங்க சபையில ஜெபமாலை கிடையாதுக்கா. இந்த விரல் மட்டும் எனக்குத் தெரியாம உங்க கோவிலுக்குப் போயிட்டு வருது போல."

எண்பத்தேழாம் வருஷம், நல்ல கோடை. பாலைக் குளிர வைக்கிற நீளமான எவர்சில்வர் கலன் ஒன்று கட்டைகளின் மேல் படுத்திருந்தது. ஒரு ஆள் படுத்துக்கொண்டு நுழையலாம். உள்ளே போய்த் திரும்ப முடியாது. உள்பக்கம் ஒரே ஒரு ஒட்டு பாக்கி. கலனை ஏற்றிப்போக லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. முதலாளி வைத்தீஸ்வரன் கெட்டவர் இல்லை. ஆனால் லாரியைப் பார்த்தால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும்.

தனசிங் தலையை முன்னால் விட்டு நுழைந்தான். பாதங்கள் மட்டும் கலனின் வாயருகே தெரிந்தன. அவ்வளவு நெருக்கத்தில் மீட்டர் கம்பியை ஆட்ட இடம் ஏது? குழாய் வைக்க வெட்டியிருந்த சின்னத் துளை வழியாக வாலை வெளியே விட்டான். துளைக்குப் பக்கத்தில் செல்வமேரி நின்றாள்.

"ஓட்டையைப் பாக்காதீங்கக்கா, கண்ணு போயிடும். கொக்கியைப் பாருங்க. கொக்கி தகட்டைத் தொட்டா அடுத்த கம்பியைக் குடுங்க."

அவன் பிடித்திருக்கும்போது கொக்கி எப்போதும் மேலே பார்த்தபடிதான் நிற்கும். அப்படிப் பிடிப்பது அவன் பழக்கம். உள்ளே அவன் விரல் தள்ளத் தள்ள, வெளியே கொக்கி மெல்லத் தகட்டை நோக்கி வந்தது. செல்வமேரி இடுப்பில் செருகியிருந்த ஜெபமாலையை எடுத்து, அவனுடைய ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு மணியாக உருட்டினாள்.

நடுவில் ஒருமுறை கொக்கி நின்றது. பயந்துபோய்க் கம்பியைப் பிடித்து ஆட்டிவிட்டாள். அவன் சும்மா முழங்கையை மாற்றி வைத்திருந்தான், அவ்வளவுதான். கம்பி ஊசியில் இடித்து ஒட்டு கறுத்துப்போயிற்று. அவன் வெளியே வந்து, கறுத்ததைத் தேய்த்தெடுத்து, ஊசியைக் கூராக்கி மறுபடி உள்ளே போகவேண்டியதாயிற்று.

வைத்தீஸ்வரன் வந்து நின்றார். "இன்னொரு தடவை அந்தக் கம்பியில கை வச்சேன்னா, நாளைலேந்து வராதே."

புருஷன் இல்லாத வீடு அவளுடையது. அந்த ஷெட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவள் தலையை ஆட்டினாள்.

உள்ளேயிருந்து தனசிங் குரல் கொடுத்தான். "ஃபேனையும் நிறுத்திடுங்க சார். காத்து கேஸைக் கலைக்குது. ஒட்டுல பொடிப்பொடியா ஓட்டை விழுது."

கலனின் வாயில் வைத்திருந்த ஃபேனை முதலாளியே நிறுத்தினார். ஆர்கானுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி, மூச்சுக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். அவன் முழங்கைக்கடியில் ஹோஸ் ஜாயிண்ட் தளர்ந்து கேஸ் ஒழுகிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது.

கொக்கி வந்துகொண்டிருந்தது. ஒரு தள்ளு, ஒரு மணி. பிறகு தள்ளுக்கும் தள்ளுக்கும் இடைவெளி கூடியது. அவள் மணியைப் பிடித்தபடி காத்திருந்தாள். கொக்கி ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

துளையைச் சுற்றி நீல வெளிச்சம் மட்டும் நிற்காமல் எரிந்தது. கம்பி ஊட்டாமல் ஒரே இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தினால் தகடு பொத்துக்கொள்ளும். தனசிங் அப்படிச் செய்கிறவன் இல்லை.

"துரை, கம்பி உள்ள போவல பாரு."

"அவரு இன்னா மிஷினா? மூச்சு வுடட்டும்க்கா. நீ கைய வச்சி மறுபடி பேஜார் பண்ணாத."

லாரி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த வைத்தீஸ்வரன் திரும்பிப் பார்த்து, விரலை மட்டும் ஆட்டினார். தொடாதே என்று.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். மாதாவே, ஒரு தள்ளு, ஒரே ஒரு தள்ளு என்று வேண்டினாள். கொக்கி மெல்லத் திரும்பியது. மேலே பார்த்து நின்றது பக்கவாட்டில் சாய்ந்து, தன் பாரத்தில் சுழன்று கீழே தொங்கியது.

கம்பியை யாரும் பிடித்திருக்கவில்லை.

வேலை போனால் போகட்டும் என்று அவள் கொக்கியைப் பிடித்து உலுக்கினாள். முன்னே ஆட்டியபோது உள்ளேயிருந்து கோபமாக ஒரு இழுப்பு வந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் துடித்து அணைந்தது.

அவள் ஓடிப்போய் சிலிண்டர் வால்வை மூடினாள். துரை கிரைண்டரைக் கீழே போட்டுவிட்டு வந்து கலனுக்குள் தலையைக் கொடுக்கப் போனான். அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "உள்ள பூராதடா, நீயும் வுழுந்துடுவ. காலைப் புடி, காலை."

துரை ஒரு கால், முதலாளி ஒரு கால், லாரி டிரைவர் இடுப்பு வார். எவர்சில்வரில் சட்டை வழுக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். உதடு நாவற்பழ நிறம். தரையில் கிடத்தினார்கள். ஃபேனை அவன் முகத்துக்கு நேரே திருப்பிவைத்துவிட்டு, செல்வமேரி அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். அவன் சபையில் அது வழக்கமா இல்லையா என்று யோசிக்க அப்போது நேரமில்லை. நெஞ்சு ஏறவில்லை. துரை இரண்டு கையாலும் அமுக்கினான். விக்கல் போல ஒன்று வந்தது, பிறகு இருமல், பிறகு மூச்சு. போன உயிரை ஆண்டவரே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்து அவன் கேட்ட முதல் வார்த்தை, "யாரு கம்பியை ஆட்டினது?"

செல்வமேரி வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆட்டினது நல்லதாப் போச்சுப்பா" என்றார். லாரி அன்றைக்குக் காலியாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு யார் கலனுக்குள் இறங்கினாலும், ஃபேன் ஓடுகிறதா என்று அவரே வந்து கையை நீட்டிப் பார்ப்பார். துரை, தூண்டில் என்று கிண்டல் பண்ணுவதை விட்டான், கொஞ்ச நாளைக்குத்தான்.

தொண்ணூற்று மூன்றில் தனசிங்குக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வீட்டையும் மனைவி ஊர்ப்பக்கம் மாற்றிவிட்டான். அதன் பிறகு செல்வமேரி அவனைப் பார்க்கவே இல்லை. கடைசி நாள் ஷெட் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவன், கேட்டைத் தாண்டினதும் திரும்பி வந்தான். அவள் துடைப்பத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, புதுசா வர்றவரு கம்பியை வளைப்பாரோ மாட்டாரோ தெரியாது. வளைக்கிற வரைக்கும் அவருக்கு இடப்பக்கம் குனியாதீங்க."